மஞ்சள் படாத குண்டு

நோர்வூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் முக்கால் மணி நேரம் மேலே நடந்தால், தொழிலாளர் குடும்பங்களின் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் பன்னிரண்டு காம்பரா லயம் ஒன்று வரும். ஏழாவது காம்பராவில் கஜேந்திரன் குடியிருக்கிறான். வயது முப்பத்தொன்பது. மனைவி சுலக்ஷனா, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி. ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரியது. அந்தக் குரலுக்காகத்தான் பைஸர் தன்னை வேலைக்கு எடுத்தார் என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

பைஸர் ஹட்டன் டவுன்காரர். குடும்பத்துக்கு ஹார்ட்வெயார் கடை. அதோடு நீர்த்தேக்கத்துக் கரையில் ஒரு துண்டு நிலத்தை எடுத்து, கூடாரம், படகு, கயிற்றுப்பாலம் என்று கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு கேம்ப் போட்டிருந்தார். அங்கே அதிகம் பேர் கேட்டு வருவது பெயின்ட்போல் விளையாட்டுக்குத்தான். இரண்டு கட்சியாகப் பிரிந்து, காற்று அடைத்த துப்பாக்கியால் ஒருவர் மேல் ஒருவர் வர்ணக் குண்டு சுடுவார்கள். நெல்லிக்காய் அளவு குண்டு. மேலே மெல்லிய தோல், உள்ளே மஞ்சள் வர்ணம். பட்டால் உடைந்து சட்டையெல்லாம் மஞ்சளாகும். தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.

கஜேந்திரன் பதினொரு வருடம் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்று, அப்பா இறந்த பிறகு ஊருக்குத் திரும்பியவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் மருந்து அடிக்கவும் அவனுக்கு மனமில்லை. கேம்ப் வேலை கிடைத்ததும் பிடித்துக்கொண்டான். துப்பாக்கிகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது, சிலிண்டரில் காற்று நிரப்புவது, விளையாட வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்வது, எல்லாம் அவன் பொறுப்பு. சிங்களத்திலும் தமிழிலும் தெரிந்த இங்கிலீஷிலும் சொல்லுவான். முகமூடி இல்லாமல் ஒருத்தரும் வலைக்குள்ளே கால் வைக்கக்கூடாது. வலைக்குள்ளே நிற்கும்வரை முகமூடியைத் தூக்கக்கூடாது. வியர்த்தாலும் சரி, கண்ணாடி மங்கினாலும் சரி. வங்கி மனேஜர்களும் பெரிய கம்பெனிக்காரர்களும் அவன் முன்னால் வரிசையில் நின்று தலையாட்டுவார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று கங்காணியிடம் ஏச்சு வாங்கியவரின் மகனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பிரச்சினை குரங்குகளால் வந்தது.

லயத்துக்குப் பின்னால், மேட்டில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாய் விரித்த மாதிரி ஒரு துண்டு மரக்கறித் தோட்டம். லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு. போன வருடம் காட்டு ஓரத்தில் மரங்களை வெட்டியதிலிருந்து குரங்குகள் கூட்டமாக இறங்க ஆரம்பித்தன. சுலக்ஷனா மூன்று மாதம் தண்ணீர் சுமந்து வளர்த்த போஞ்சியை ஒரே காலையில் பிய்த்துப் போட்டுவிட்டுப் போயின. அவள் வெறும் பந்தலின் கீழே உட்கார்ந்து அழுததைக் கஜேந்திரன் பார்த்தான். அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் பைஸரிடம் அடுத்த நாள் கேட்டான்.

"நானா, அந்தப் பழைய துப்பாக்கி ஒண்ணு சும்மாதானே கெடக்கு. வீட்டுப் பக்கம் கொண்டு போய் குரங்குக்கு அடிக்கலாமா? சட்டத்துல அதுக்கு எடம் இருக்கா?"

பைஸர் கைவேலையை நிறுத்தி அவனைப் பார்த்தார். "சட்டம் எனக்கு முழுசாத் தெரியாது கஜே. இந்தக் கிரவுண்டுக்கு நான் அனுமதிக் கடிதம் எடுத்திருக்கேன், வலை கட்டியிருக்கேன், இன்சூரன்ஸ் போட்டிருக்கேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வலைக்கு வெளியில இது என்ன சாமான், யாரு கேப்பாங்க, ஒண்ணும் தெரியாது. வேணாம். லயத்துல சனம் இருக்கு."

"சரி நானா" என்றான் கஜேந்திரன்.

அன்று சாயங்காலமே பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் தேடினான். வீட்டுக்குப் பக்கத்தில் பெயின்ட்போல் சுடலாமா என்று உலகத்தில் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். பதில் சொன்னவர்கள் எல்லாம் வேறு நாட்டுக்காரர்கள். உன் சொந்த வளவு என்றால் சில ஊர்களில் பரவாயில்லை, வேலி இருக்கவேண்டும், அண்டைவீட்டுக்காரரிடம் சொல்லிவிடு, அந்த ஊர்ப் பொலிஸைக் கேட்டுக்கொள், ஆள் நடமாடுகிற பக்கம் சுடாதே, கண் பத்திரம். கஜேந்திரன் 'பரவாயில்லை' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டான். மீதியை அவன் படிக்காமல் இல்லை. படித்தான், தனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டான். சொந்த வளவு என்று சொல்ல லயத்தில் யாருக்கு என்ன இருக்கிறது? ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு குடும்பம். ஒருவர் வீட்டு வாசல் அடுத்தவருக்கு வழி. அது அவனுக்குத் தெரியாததா?

பழுது பார்க்கக் கொண்டு போவதாகச் சொல்லி அந்தத் துப்பாக்கியைப் பைக்குள் வைத்து எடுத்துப் போனான். காற்றுச் சிலிண்டரையும் கூடவே வைத்தான். குண்டுகளுக்கு, பைஸர் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லியிருந்த பழைய பெட்டிகளிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பலன் தெரிந்தது. நாலைந்து சுட்டதும் குரங்குகள் அலறிக்கொண்டு ஓடின. கிழட்டுக் கடுவன் ஒன்றின் முதுகில் மஞ்சள் அப்பியிருந்ததைப் பார்த்து லயமே சிரித்தது. உறவு இல்லாவிட்டாலும் அவனை முறை வைத்துக் கூப்பிடும் மூன்றாவது காம்பரா நல்லமுத்து தோளில் தட்டி, "நம்ம தோட்டத்துப் பக்கமும் ரெண்டு போடு மருமகனே" என்றார். கஜேந்திரனும் போட்டான். "ஆளு மேல பட்டா?" என்று யாரோ கேட்டபோது, "பட்டா மஞ்சளாகும், கழுவினாப் போயிரும்" என்றான். கேம்பில் சொல்லும் மற்றதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுடவிட்டிருக்க மாட்டார்கள்.

நாலாவது வாரம் முதல் பெட்டி தீர்ந்து இரண்டாவதைத் திறந்தான். விரலால் அமுக்கினால் நல்ல குண்டு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இவை கொடுக்கவில்லை. பனியிலும் ஈரத்திலும் வருடக்கணக்காகக் கிடந்து இறுகிப் போயிருந்தன. இப்படிப்பட்ட குண்டு உடையாது, தெறிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் புதைக்கச் சொன்னார்கள் என்பதும் தெரியும். குரங்குக்கு என்ன, நல்லா வலிக்கட்டும் என்று நினைத்து நிரப்பினான்.

ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும். பனி முழுசாகக் கலையவில்லை. மேட்டில் போஞ்சிப் பந்தலுக்கு அந்தப்பக்கம் உயர்ந்து வளர்ந்த மானாப்புல் ஆடியது. இரண்டு தடவை சுட்டான். டப், டப். பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

நல்லமுத்துவின் மனைவி நாகலெட்சுமி விறகு பொறுக்கப் போயிருந்தாள். நாற்பத்தேழு வயது. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதில் அவளோடு போட்டி போட ஆள் கிடையாது. மற்றவர்கள் பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, வேண்டிய கிலோவை எட்டிப்பிடிக்கத் திணறும்போது, அவள் மேலதிகமாக ஆறு, ஏழு என்று நிறுத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்குவாள். அவள் புல்லுக்குள் முழங்காலில் இருந்தாள். விறகு சிதறிக் கிடந்தது. இரண்டு கையாலும் இடது கண்ணைப் பொத்தியிருந்தாள்.

"அக்கா! என்னாச்சு அக்கா?"

"தெரியலடா தம்பி... என்னமோ வந்து அடிச்சிருச்சு... குரங்கு கல்லெடுத்து எறிஞ்சிருச்சு போல..."

கஜேந்திரன் துப்பாக்கியைப் பந்தலின் கீழே விட்டுவிட்டு வந்திருந்தான். அவள் கையை விலக்கிப் பார்த்தான். கருவிழிக்குள்ளே கீழ்ப்பாதியில் இரத்தம் தேங்கி நின்றது. அவள் முகத்தில், சேலையில், எங்கேயும் ஒரு சொட்டு மஞ்சள் இல்லை. அவனுக்கு முதலில் தோன்றியது அதுதான், மஞ்சள் இல்லை. அந்த நினைப்பு வந்த கணத்தைப் பிறகு அவன் எத்தனையோ தடவை திரும்பித் திரும்பி எண்ணிப் பார்த்திருக்கிறான். அவள் கண்ணை நினைக்கும் முன்னே அவன் தன்னை நினைத்துவிட்டான்.

"ஆமாக்கா" என்றான். "குரங்குதான்."

ஆட்டோவுக்கு ஃபோன் பண்ணியதும் அவன்தான். அவளைக் கையைப் பிடித்து இறக்கி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். நல்லமுத்து பதறிப்போய் எதையும் செய்யத் தெரியாமல் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு தடவை தலையை நிமிர்த்தி, "மருமகனே, காலையில நீ சுட்ட சத்தம் கேட்டுச்சே. அதுவா இருக்குமோ?" என்று கேட்டார்.

கஜேந்திரன் வாயைத் திறக்குமுன் நாகலெட்சுமியே பதில் சொன்னாள். கண்ணைத் துணியால் அமுக்கிப் பிடித்தபடி, வலியோடு சொன்னாள். "சும்மா இருங்க. அது பட்டா மஞ்ச மஞ்சளா ஆகிருமே. என் மேல ஒரு பொட்டு இருக்கா பாருங்க. தம்பி பாவம், வேலைக்குக்கூடப் போகாம வந்திருக்கு. அதைப் போய்க் கேக்குறீங்களே."

நல்லமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்காத மருமகனே."

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் பார்த்தார். என்ன பட்டது என்று கேட்டார். கல் என்றாள் நாகலெட்சுமி. டொக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "கல்லா? தோல்ல கீறல்கூட இல்லியே" என்றார். பிறகு கஜேந்திரனைப் பார்த்து, "நீங்க கூட இருந்தீங்களா? உருண்டையா ஏதாவது வேகமா வந்துதா?" என்றார்.

"நான் தூரத்துல நின்னேன் மிஸ். பாக்கல."

அன்றே பெரிய ஆஸ்பத்திரியின் கண் வார்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் அங்கே தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருந்தாள். பிறகு வீட்டுக்கு விட்டார்கள்; கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள். முதல் கிளினிக்குக்குக் கஜேந்திரனே கூட்டிப் போனான். நல்லமுத்துவுக்கு சிங்களம் தடுமாறும். கஜேந்திரன் நம்பர்த் துண்டு எடுத்தான், வரிசையில் நின்றான், மருந்து வாங்கினான். படி ஏறும்போது நாகலெட்சுமி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். லயத்தில் பெண்கள் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். சொந்தத் தம்பி இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். சுலக்ஷனாவிடம் வந்து, "ஒம் புருஷன் நல்ல மனுஷன்டி" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது. அதை ஓடி ஓடி உழைத்த களைப்பு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

துப்பாக்கியைத் துடைத்துக் கேம்பில் திருப்பி வைத்துவிட்டான். மீதிக் குண்டுகளைப் புதைத்தான். கேம்பில் வேலை எப்போதும்போல நடந்தது, ஆனால் விதி சொல்லும்போது குரல் எழும்பவில்லை. முகமூடி பற்றிய விதியைத் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். பைஸர் கவனித்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். சளி பிடித்துத் தடிமன் என்றான். ஒரு பொய்யைக் காப்பாற்றச் சின்னச் சின்னதாக எத்தனை பொய்!

பதினாறாம் நாள் இரண்டாவது கிளினிக். அன்று கண் டொக்டர் நேரமெடுத்துப் பார்த்தார். நாகலெட்சுமியை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கஜேந்திரனிடம் பேசினார். கண்ணின் பின்பக்கத் திரை கிழிந்திருக்கிறது. நடுப்பார்வை போய்விட்டது, திரும்ப வராது. ஓரத்தில் மட்டும் நிழல் மாதிரி கொஞ்சம் தெரியும்.

"டொக்டர், என்ன பட்டதுன்னு மொத நாளே சரியாத் தெரிஞ்சிருந்தா... வித்தியாசம் இருந்திருக்குமா?"

டொக்டர் பேனாவை மூடினார். "அடி பட்ட அந்த நிமிஷமே திரை கிழிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா வித்தியாசம் இருந்திருக்குமா, இல்லையான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

உறுதியாகச் சொல்ல முடியாது. அதைவிட, ஆமாம் உன்னால்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாகலெட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். அழவில்லை. வெகுநேரம் கழித்து, "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு கொழுந்து கிள்ள முடியுமாடா தம்பி?" என்று கேட்டாள். "வீட்டுல கறிவேப்பிலை எடுத்துக் கிள்ளிப் பாத்தேன். கையி எலைக்கு முன்னாலயே மூடிருது. எலை எவ்வளவு எட்டத்துல இருக்குன்னு தெரிய மாட்டேங்குது."

அவள் அவன் கையைத் தட்டினாள். "நீ ஏன்டா மொகத்த இப்படி வச்சிருக்க? நீ இல்லாட்டி இந்த ஒத்தக் கண்ணும் போயிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் சுலக்ஷனாவிடம் சொன்னான். அடுப்படியில் நின்றபடியே சொன்னான். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்னா?"

"டப் டப்புன்னு ரெண்டு கேட்டுச்சு. ஒடனே அக்கா கத்துனாங்க. அன்னைக்கே தெரியும்." இப்போதுதான் கையை நிறுத்தினாள். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்பறம் சொல்லாம இருந்தா நல்லதுன்னு பாத்தேன். வேலை போயிரும், பொலிசு வரும், பிள்ளை ஸ்கூலுக்குப் போக முடியாதுன்னு நெனச்சேன். நானும் அந்த அக்காவுக்கு தெனமும் கஞ்சி கொண்டு போய்க் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்கு மட்டுமா பாவம்?"

பிறகு அவள் மாவுக் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்தாள். "வாங்க. நானும் வர்றேன்."

நல்லமுத்து வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாகலெட்சுமி கட்டிலில் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்ததைப் பார்த்து, "வாங்க வாங்க, தேத்தண்ணி போடவா?" என்று எழுந்தாள். கஜேந்திரன் நின்றபடியே சொன்னான். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று மளமளவென்று சொன்னான். துப்பாக்கி, பழைய பெட்டி, இறுகிப்போன குண்டு, ஆடிய புல், இரண்டு வெடி. குரங்குதான் என்று தன் வாயால் சொன்னது.

நல்லமுத்து கையில் செம்போடு நின்றார். அவர் அடிப்பார் என்று கஜேந்திரன் எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவர் செம்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வாசல் தாழ்வாரத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நாகலெட்சுமி கேட்டாள். "என்னையப் பாத்தியா நீ?"

"இல்லக்கா. புல்லு ஆடுச்சு. குரங்குன்னு நெனச்சேன்."

"யாருன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே. அம்புட்டுப் பெரிய தொண்டை உனக்கு."

"ஆமாக்கா."

"கேம்புல எல்லாருக்கும் மொகத்துக்கு மூடி மாட்டி விடுவியாமே. அப்பறம் எப்படி கழுவினாப் போயிரும்னு எங்கக்கிட்ட சொன்ன?"

சுலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தெரியாமச் சுட்டுட்ட. சரி. அதுக்கு நான் என்னா செய்யிறது" என்றாள் நாகலெட்சுமி. குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆட்டோவுல எம் புருஷன் கேட்டாரே. நான் உனக்காகப் பேசினேன். என் கண்ணுல ரத்தம் கட்டி நிக்கும்போது உனக்காகப் பேசினேன்டா. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு வந்த. பதினாறு நாளு என் கையப் புடிச்சு நடந்த." நல்ல கண்ணிலிருந்தும் கெட்ட கண்ணிலிருந்தும் தண்ணீர் ஒன்றாகவே வழிந்தது. "போ. ரெண்டு பேரும் போங்க இப்ப."

மறுநாள் காலை பைஸரிடம் போய்ச் சொன்னான். பைஸர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "வேணாம்னு சொன்னேனே கஜே" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு துப்பாக்கியை ஒரு சீலைப்பையில் போட்டு, அவனை ஏற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போனார். தனியாகப் போகிறேன் என்று கஜேந்திரன் சொன்னதை அவர் கேட்கவில்லை. என் சாமான், நானும் பதில் சொல்லவேண்டும் என்றார்.

அங்கே இருந்த சார்ஜன்ட் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது விளையாட்டுச் சாமானா, நிஜத் துவக்கா என்று சிங்களத்தில் கேட்டார். விளையாட்டுச் சாமான் என்றான் கஜேந்திரன். சார்ஜன்ட் வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் ஒரு புத்தகத்தைப் புரட்டினார்கள், யாருக்கோ ஃபோன் பண்ணினார்கள். கடைசியில் சார்ஜன்ட் சொன்னார். இதற்கு எந்தப் பெயர் என்பதைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அது பெரிய விஷயம் இல்லை. சனங்கள் குடியிருக்கிற இடம், நீ பார்க்காமல் சுட்டாய், ஒரு அம்மாவின் கண் போயிற்று. கல்லை எறிந்திருந்தாலும் உன்னைப் பிடித்திருப்பேன்.

ஃபோனில் தேடித் தேடிக் கிடைக்காத பதில் அது. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த மனிதர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பைஸர் வேணாம் என்று சொன்னபோதே கிடைத்த பதிலும் அதுதானே என்று கஜேந்திரனுக்கு அப்போது தோன்றியது.

வழக்கு எட்டு மாதம் போனது. முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தார், நட்டஈடு கட்டச் சொன்னார். தீர்ப்பு வாசித்த அன்று நாகலெட்சுமி வந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. வெளியே வரும்போது நல்லமுத்து மட்டும் அவனைக் கடந்து போகையில் ஒரு கணம் நின்றார். பிறகு மனைவியின் பின்னாலேயே போனார். மருமகனே என்ற அழைப்பு அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

பைஸர் பெயின்ட்போல் கிரவுண்டை இரண்டு மாதம் மூடி வைத்தார். பிறகு திறந்தபோது துப்பாக்கிகளை இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். கஜேந்திரனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவனாகவே படகுப் பக்கம் மாறிக்கொண்டான். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. லயத்திலும் அவன் பேச்சுக் குறைந்துவிட்டது. யாரும் அவனை விலக்கி வைக்கவில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கூப்பிட்டார்கள். ஆனால் மேட்டில் குரங்கு இறங்கினால் தகரம் தட்டும் ஆட்கள், அவன் வருவதைப் பார்த்தால் ஒரு கணம் தட்டுவதை நிறுத்துவார்கள். அந்த ஒரு கணத்தில் அவன் அந்த இடத்தைக் கடந்துவிடுவான்.

நாகலெட்சுமி கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை விட்டுவிட்டாள். ஒரு மாதம் முயன்று பார்த்தாள். பேருக்கு வேண்டிய கிலோவில் பாதிகூட வரவில்லை. முற்றின இலையும் சேர்ந்து வந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நல்ல மனதோடு, தேயிலைக் கன்று வளர்க்கிற நாற்றுமேடையில் வேலை கொடுத்தார். உட்கார்ந்தபடி பைக்குள் மண் நிரப்பும் வேலை. சுலக்ஷனாவோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். கஜேந்திரனோடு பேசவில்லை. அவனும் எதிரே போய் நிற்கவில்லை. தைப்பொங்கலுக்குச் சுலக்ஷனா கொடுத்தனுப்பிய பொங்கலை வாங்கிக்கொண்டாள், பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்பினாள். பாத்திரத்தை வெறுமனே அனுப்புவது அந்த லயத்தில் வழக்கம் இல்லை.

போன பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கஜேந்திரன் நோர்வூட்டில் பஸ்ஸுக்கு நின்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடத்துக்குள் ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான், வலது பக்கத்தில் தோளோடு தோளாக நின்றது நாகலெட்சுமி. கிளினிக் போய்த் திரும்புகிறாள் போலும், கையில் மருந்துப் பை. அவன் நின்றது அவளுடைய இடது பக்கம். அவளுக்கு அவன் நிற்பது தெரியவில்லை.

பேசாமல் நிற்கலாம். பஸ் வரும், முன்வாசலில் அவள் ஏறுவாள், பின்வாசலில் அவன் ஏறலாம். ஒருத்தருக்கும் தெரியாது. அவன் அப்படித்தான் கொஞ்ச நேரம் நின்றான். அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. தலைமயிர் காதோரம் நரைத்திருந்தது. இடது கண் எதையும் பார்க்காமல் மழையின் பக்கம் திறந்திருந்தது. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பது அந்தப் பதினாறு நாட்களைப் போலவே இருந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

"அக்கா" என்றான். "நான் கஜேந்திரன். இந்தப்பக்கம் நிக்கிறேன்."

அவள் திடுக்கிட்டாள். பிறகு முழுத்தலையையும் திருப்பி, வலது கண்ணால் அவனைத் தேடிப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி அவனுக்கு இருந்தது. அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எம்புட்டு நேரமா நிக்கிற?"

"இப்பத்தான்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். "பத்து நிமிஷம் இருக்கும்க்கா."

அவள் திரும்பவும் ரோட்டைப் பார்த்தாள். பஸ் வந்தது. சனம் முண்டியடித்தது. அவள் முதல் படியில் கால் வைக்கும்போது எட்டம் பிடிபடாமல் கால் காற்றில் தடவியது. கஜேந்திரன் கையை நீட்டினான். அவள் அதைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. கம்பியைத் தேடிப் பிடித்துத் தானாகவே ஏறினாள். ஏறி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, மருந்துப் பையை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள்.

"இதப் புடி. உள்ள போறதுக்கு ரெண்டு கையும் வேணும்."

அவன் வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினான்.